கர்ப்பமும் குடல் அழற்சி மருந்தும்

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், குரோன் போன்ற நீண்டகாலக் குடல் அழற்சிக்கு மருந்து உண்ணும் பெண் கருவுற்றால், ‘முதலில் மாத்திரையை நிறுத்து’ என்று சொல்ல நம் குடும்பங்களில் ஆளுக்குக் குறைவில்லை. மதுரை நகரானாலும் மேலூர், உசிலம்பட்டிப் பக்கமானாலும் இதே பேச்சுதான். அக்கறையோடு சொன்னாலும் இது தவறான அறிவுரை.

நம்பிக்கை 1: மருந்து குழந்தையைக் கெடுத்துவிடும்.

கட்டுக்கடங்காத நோய்தான் கெடுக்கிறது. கருச்சிதைவு, குறைப்பிரசவம், எடைக்குறைவு ஆகியவற்றின் வாய்ப்பைக் கூட்டுவது அதுவே. மெசலமைன், சல்ஃபசலசின், அசதியோபிரின், இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப் ஆகியவற்றை மருத்துவர் கண்காணிப்பில் தொடரலாம். அமெரிக்காவில் சுமார் 1,500 கர்ப்பங்களைக் கவனித்த ‘பியானோ’ ஆய்வு 2021இல் வெளியானது. அசதியோபிரின் வகையோ இன்ஃப்ளிக்சிமாப் போன்ற உயிரியல் ஊசிகளோ பிறவிக் குறைபாட்டைக் கூட்டியதாக அதில் தெரியவில்லை. கர்ப்பிணிகள் உண்ட மாத்திரையால் குழந்தைகள் ஊனமாகப் பிறந்து, 1961இல் உலகை உலுக்கிய தாலிடோமைடு அவலத்துக்குப் பின் வேரூன்றிய அச்சம் நியாயமானது. அதை எல்லா மருந்தின் மீதும் ஏற்றுவது நியாயமல்ல.

நம்பிக்கை 2: முதல் மூன்று மாதம் நிறுத்திவிட்டு, பிறகு தொடரலாம்.

நிறுத்தினால் நோய் மீண்டும் கிளம்பக்கூடும். கர்ப்பத்தில் கிளம்பிய நோயை அடக்குவது கடினம். ஸ்டீராய்டு தேவைப்படலாம், மருத்துவமனையில் படுக்கவும் நேரலாம். நோய் குறைந்தது 3 மாதமாவது அடங்கியிருக்கும்போது கருத்தரிப்பதே நல்லது.

நம்பிக்கை 3: அப்படியானால் எந்த மருந்தும் ஆபத்தில்லை.

இதுவும் பிழை. மெத்தோட்ரெக்சேட் கருவைச் சிதைக்கும், ஊனமாக்கும். கருத்தரிக்கக் குறைந்தது 3 மாதம் முன்பே அதை நிறுத்தியாக வேண்டும். டோஃபாசிடினிப் பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. சல்ஃபசலசின் உண்பவருக்கு வழக்கமான ஃபோலிக் அமில அளவு போதாது. மருத்துவர் கூட்டித் தர வேண்டும்.

நம்பிக்கை 4: குழந்தை பிறந்ததும் எல்லாத் தடுப்பூசியும் போட்டுவிடலாம்.

இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப் நஞ்சுக்கொடி வழியே குழந்தையை அடைந்து சில மாதங்கள் உடலில் தங்கும். பிறந்தவுடன் போடப்படும் பிசிஜி காசநோய்த் தடுப்பூசியில் உயிருள்ள கிருமி இருப்பதால், அக்குழந்தைகளுக்கு அதைக் குறைந்தது 6 மாதம் தள்ளிப்போட வேண்டும். வளைகாப்பு முடிந்து தாய்வீடு செல்லும் பெண்ணுக்குப் பிரசவம் பார்ப்பவர் புதிய மருத்துவராக இருப்பார். மருந்து விவரம் அவர் கைக்குச் சேராவிட்டால் ஊசி வழக்கம்போல் போடப்பட்டுவிடும்.

இந்த நம்பிக்கைகள் நிலைப்பதற்குக் காரணம், நோயைப் பற்றி வீட்டில் வெளிப்படையாகப் பேசக் கூசுவதுதான். மலத்தில் ரத்தம் போவதை மூலம் என்று மறைக்கும் பெண், கர்ப்பத்திலும் மறைக்கிறாள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே இரைப்பை குடல் மருத்துவப் பிரிவு இருக்கிறது. குழந்தைக்குத் திட்டமிடும்போதே கணவனும் மனைவியும் சேர்ந்து சென்று கேளுங்கள். மாத்திரையை நிறுத்துவதா தொடர்வதா என்பதை உறவினர் முடிவு செய்யக் கூடாது. மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.