பாரி மகளிர்

பறம்பு மலையை ஆண்ட வள்ளல் பாரிக்கு மகளிர் இருவர். அங்கவை, சங்கவை என மரபு அவர்களை அழைக்கிறது. மூவேந்தரும் பறம்பை முற்றுகையிட்டனர், பாரி மாண்டான். தந்தையின் நண்பரான புலவர் கபிலர் இருவரையும் காத்தார்.

புறநானூற்றின் 112ஆம் பாடல் இச்சகோதரியர் பாடியது. சென்ற திங்களின் முழுநிலவில் தந்தையும் குன்றும் இருந்தமையையும், இத்திங்களின் முழுநிலவில் இரண்டையும் இழந்தமையையும் அது கூறுகிறது. அதில் ‘யான்’ என்னும் சொல் இல்லை. ‘யாம்’ என்றே பாடினர். தந்தை, குன்று, துயரம் அனைத்தும் இருவருக்கும் பொது. அத்துயரே உடன்பிறந்த இருவரையும் ஒரே குரலாக்கியது.

சொற்பொருள்: மாண்டான் – இறந்தான், திங்கள் – மாதம், யான் – நான், யாம் – நாங்கள்.

பயிற்சி
1. பாரி மகளிர் எவற்றை இழந்தனர்?
2. தில்லியில் நீயும் உன் உடன்பிறந்தாரும் சேர்ந்து தாங்கிய துன்பம் ஒன்றை ‘நாங்கள்’ எனத் தொடங்கி எழுதுக.