திரைக்குப் பின்னால்

2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 நிலவில் தரையிறங்கியது. அத்திட்டத்தின் இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல். ஆகஸ்டு 26 காலையில் பிரதமர், பெங்களூருவிலுள்ள இஸ்ரோ மையத்திற்கு நேரில் வந்து அறிவியலாளர்களைப் பாராட்டினார். மக்கள் அதனை நேரலையில் கண்டனர்.

இத்தகைய நிகழ்வுகளுக்குச் செய்திக் குழுவினர் பல மணி நேரம் முன்னரே வந்துவிடுவர். பாதுகாப்புச் சோதனை முடிந்ததும் ஒளிப்பதிவாளர் முக்காலியை நிறுத்துவார்; ஒலிப்பதிவாளர் ஒலிவாங்கியைச் சரிபார்ப்பார். நேரலை வண்டியிலிருந்து புறப்படும் காட்சி, சுமார் 36,000 கி.மீ. உயரத்திலுள்ள செயற்கைக்கோள் வழியாக நம் இல்லம் சேரும். நழுவிய காட்சியை மீண்டும் எடுக்க இயலாது. ஆகவே, அரங்கமே கைதட்டும்போதும் ஒளிப்பதிவாளரின் கை கருவியை விட்டு விலகாது. முகம் அறியாத அவருடைய கண்வழியாகவே நாம் அந்நாளைக் காண்கிறோம்.

வினா: ஒளிப்பதிவாளர் ஏன் கைதட்டுவதில்லை?