ஆலைக் கழிவில் விளையும் உணவுச் சாயம்

உணவுப் பண்டங்களுக்கு நிறம் ஊட்டும் வழக்கம் மிகப் பழமையானது. மஞ்சளும் குங்குமப்பூவும் நெடுங்காலமாக இப்பணிக்குப் பயன்பட்டு வந்துள்ளன. 1856ஆம் ஆண்டில் வில்லியம் பெர்க்கின் என்னும் ஆங்கில இளைஞர் முதல் செயற்கைச் சாயத்தை ஆக்கிய பின்னர், கரித்தாரிலிருந்து பெற்ற மலிவான சாயங்கள் துணிகளுக்கு மட்டுமன்றி உணவுக்கும் வந்து சேர்ந்தன. அவற்றுள் சில உண்ணத்தக்கவை அல்ல. துணிச்சாயமாகிய ரோடமின்-பி பஞ்சுமிட்டாயில் கலக்கப்படுவது கண்டறியப்பட்டு, 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும், மார்ச்சில் கருநாடகத்திலும் தடைகள் விதிக்கப்பட்டதை நாம் அறிவோம்.

ஆகவே, தீங்கற்ற நிறங்களை எங்கிருந்து பெறலாம் என்னும் வினா எழுகின்றது. தாவரங்களிலிருந்து பெறலாம், ஆனால் அவற்றிற்கு நிலமும் நீரும் பருவமும் வேண்டும். பூஞ்சணங்களோ மூடிய கலங்களில், எப்பருவத்திலும், சில நாட்களிலேயே வளர்பவை. மேலும், தவிடு, நொய், கரும்புச்சக்கை, மரவள்ளித் திப்பி போன்ற ஆலைத் துணைப்பொருள்களையே அவை உணவாகக் கொள்ளும். இம்முறையின் இயல்பையும் எல்லைகளையும் இப்பாடத்தில் காண்போம்.

1. செவ்வரிசியும் அதன் பூஞ்சணமும்

சீனத்திலும் சாவகத் தீவிலும் வேகவைத்த அரிசியின்மீது ஒருவகைப் பூஞ்சணத்தை வளர்த்து, அரிசியைக் கருஞ்சிவப்பாக மாற்றி உலர்த்தி, உணவுக்கும் மதுவுக்கும் நிறமூட்டப் பயன்படுத்துவது தொன்றுதொட்ட வழக்கமாகும். இயற்கையாகவே சிவந்த தவிட்டையுடைய நம் நாட்டுச் சிவப்பரிசி வேறு, இது வேறு. சாவகத்தில் கிடைத்த இத்தகைய அரிசியை ஆராய்ந்த டச்சு அறிஞர் வென்ட் என்பவர், 1895ஆம் ஆண்டில் அதிலுள்ள பூஞ்சணத்திற்கு மொனாஸ்கஸ் பர்பூரியஸ் எனப் பெயரிட்டார்.

இப்பூஞ்சணம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூவகை நிறமிகளைத் தருகின்றது. செம்மஞ்சள் நிறமியின் மூலக்கூறிலுள்ள ஓர் ஆக்சிஜன் அணுவின் இடத்தில், புரதச் சிதைவால் உண்டாகும் அமினோப் பொருள்களிலுள்ள நைட்ரஜன் வந்து அமரும்பொழுது சிவப்பு நிறமி தோன்றுகின்றது. எனவே, வளர்ப்புப் பொருளில் மாவுச்சத்து மட்டும் இருந்தால் போதாது. தக்க நைட்ரஜன் சத்தும் இருத்தல் வேண்டும். கழிவுப்பொருளைத் தெரிவு செய்வோர் முதற்கண் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி இதுவாகும்.

2. பலாக்கொட்டையில் ஓர் ஆய்வு

திருவனந்தபுரத்தில் அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழுவின் கீழ் இயங்கும் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்தோர், பலாக்கொட்டை மாவின்மீது மொனாஸ்கசை வளர்த்து நிறமி பெறும் முறையை ஆராய்ந்து, 2007ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். பலாப்பழத்தைப் பதப்படுத்தும் இடங்களில் கொட்டை பெரும்பாலும் எஞ்சி நிற்பது. அதில் மாவுச்சத்தும் புரதமும் ஒருங்கே உள்ளன. தொடக்க ஈரம் நூற்றுக்கு 50 பங்கு, வெப்பநிலை 30 பாகை சென்டிகிரேடு, வளர்ச்சிக்காலம் 7 நாட்கள் என்னும் நிலைமைகளில் நிறமி மிகுந்து கிடைத்தது.

செய்முறையின் படிகள் வருமாறு: கொட்டையை உலர்த்திப் பொடித்தல், நீர் சேர்த்தல், அழுத்தக் கலத்தில் 121 பாகை வெப்பத்தில் கிருமிநீக்கம் செய்தல், ஆறிய பின் தூய பூஞ்சண வித்துக்களைத் தூவுதல், வளரவிடுதல், உலர்த்திச் சாராயத்தில் நிறமியைக் கரைத்தெடுத்தல், கரைசல் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதைக்கொண்டு நிறமியை அளத்தல்.

இது திடநிலை நொதித்தல் எனப்படும். இதில் ஈரத்தின் அளவு மிகவும் இன்றியமையாதது. ஈரம் குறைந்தால் பூஞ்சணம் வளராது. மிகுந்தால் மாவு குழைந்து துளைகள் அடைபட்டு, காற்றுப் புகாது. பூஞ்சணம் வளருங்கால் வெப்பமும் உண்டாகும். திடப்பொருள் அவ்வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆதலால், சிறு குடுவையில் வெற்றி பெற்ற முறையைப் பெரிய தட்டுக்களில் கையாளும்பொழுது நடுப்பகுதி சூடேறிக் கெடுதல் கூடும்.

ஆசிரியர்கள் கீழ்க்காணும் கணக்கை வகுப்பில் பயன்படுத்தலாம். 100 கிராம் மாவில் முன்னரே 10 கிராம் நீர் உள்ளது எனக் கொள்வோம். உலர்பொருள் 90 கிராம். மொத்த எடையில் பாதி நீராக வேண்டுமானால் நீரும் 90 கிராம் இருத்தல் வேண்டும். எனவே, சேர்க்க வேண்டிய நீர் 80 கிராம். 50 கிராம் சேர்த்தால் போதும் என்று மாணவர் கருதுவது இயல்பு. அது தவறு என்பதை இக்கணக்கு விளக்கும்.

3. மற்றொரு பூஞ்சணம்

கேரட்டிற்கு நிறந்தரும் பீட்டா-காரோட்டினைப் பிளேக்ஸ்லியா டிரைஸ்போரா என்னும் பூஞ்சணமும் ஆக்குகின்றது. இதற்கு ‘கூட்டல்’, ‘கழித்தல்’ எனக் குறிக்கப்பெறும் இரு பாலினங்கள் உண்டு. தனித்தனியே வளர்ப்பதினும் இரண்டையும் ஒன்றாக வளர்த்தால் நிறமி பன்மடங்கு பெருகும். மக்காச்சோள மாவு ஆலைகளில் எஞ்சும் ஊறல்நீர் இதற்கு நல்ல ஊட்டமாகும். இவ்வாறு பெற்ற காரோட்டினை உணவுச் சாயமாக ஏற்கலாம் என 2000ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு அறிவியற் குழு கருத்துரைத்தது.

ஆனால் மொனாஸ்கஸ் சாயத்திற்கு ஐரோப்பிய ஒன்றியமோ அமெரிக்க நாடோ இசைவளிக்கவில்லை. இரண்டும் பூஞ்சணங்களே, இரண்டும் இயற்கையானவையே. பின் இவ்வேறுபாடு ஏன்?

4. இயற்கையானது எல்லாம் நல்லதன்று

மொனாஸ்கஸ் வகைகளுள் பல, நிறமியோடு சிட்ரினின் என்னும் நச்சுப்பொருளையும் ஆக்குகின்றன. சிட்ரினின் 1931ஆம் ஆண்டிலேயே ஒரு பென்சீலியப் பூஞ்சணத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. மொனாஸ்கசிலும் அது உண்டு என்பது 1995ஆம் ஆண்டில் புலனாயிற்று. இது சிறுநீரகத்தைத் தாக்க வல்லது. ஆகவே, சிட்ரினினை ஆக்காத வகையைத் தெரிந்தெடுத்தலும், ஒவ்வொரு முறை விளைந்த பொருளையும் சோதித்தலும் கட்டாயமாகும்.

நல்ல வகையைத் தெரிந்தெடுத்தல் மட்டும் போதாது. 2024 மார்ச்சில் ஜப்பானில், செவ்வரிசி கலந்த உடல்நல மாத்திரைகளை உண்டோர் பலருக்குச் சிறுநீரகக் கேடு நேர்ந்தது. ஆய்ந்தபொழுது, மாத்திரைகளில் பியூபெருலிக் அமிலம் என்னும் பொருள் காணப்பட்டது. அதனை ஆக்கியது மொனாஸ்கஸ் அன்று. ஆலையினுள் புகுந்த நீலப் பூஞ்சணமாகும். வளர்க்க விரும்பிய பூஞ்சணத்தோடு விரும்பாத ஒன்றும் வளர்ந்துவிட்டதே இதன் கருத்து.

மூன்றாவது இடர் கழிவுப்பொருளிலேயே உள்ளது. ஈரத்தில் கிடந்த தவிட்டிலும் பிண்ணாக்கிலும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு முன்னரே உண்டாகியிருக்கலாம். கிருமிநீக்கம் செய்யும் வெப்பம் பூஞ்சணத்தைக் கொல்லும். அது விட்டுச்சென்ற நஞ்சை முற்றும் அழிக்காது. பயிர்மருந்தின் எச்சங்களும் இவ்வாறே தங்கி நிற்கக்கூடும். எனவே, ‘கழிவு’ என்பதால் எதனையும் கொள்ளலாம் என எண்ணுதல் கூடாது. ஆலையிலிருந்து வெளிவந்த அன்றே உலர்த்திக் காப்பாற்றிய துணைப்பொருளே இத்தொழிலுக்கு ஏற்றது.

5. களத்தில் எடுத்துரைக்க வேண்டுவன

இம்முறையைக் கேள்வியுறும் ஆலையினரும் மகளிர் குழுவினரும் உடனே செய்து பார்க்க விரும்புவர். அவர்கள் ஆர்வத்தைக் குன்றச் செய்யாமல், பின்வருவனவற்றைத் தெளிவாகக் கூறுதல் கள அலுவலரின் கடமையாகும்.

(அ) வீட்டில் தானே பூத்த சிவப்புப் பூஞ்சணம் எதனையும் உணவில் சேர்த்தல் ஆகாது. நிறத்தைக் கொண்டு பூஞ்சணத்தின் இனத்தை அறிய இயலாது.

(ஆ) தூய வித்து, கிருமிநீக்கக் கலம், நச்சுச் சோதனை ஆகிய மூன்றும் இல்லாத இடத்தில் இத்தொழிலைத் தொடங்கலாகாது.

(இ) இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையத்தின் விதிகள் இசைவளிக்காத எச்சாயத்தையும் விற்பனை உணவில் சேர்த்தல் குற்றமாகும்.

(ஈ) சாயம் ஆக்க இயலாதோரும் துணைப்பொருளை உடனுக்குடன் உலர்த்தித் தூய்மையாகச் சேமிக்கலாம். கால்நடைத் தீவனமாக விற்பினும் அதனால் பயனுண்டு.

ஆலைக் கழிவு உணவுச் சாயமாவது அறிவியலால் இயலும். அச்சாயம் உண்ணத்தக்கதா என்பதைச் சோதனையே காட்டும். அதன் நிறமும் காட்டாது, ‘இயற்கை’ என்னும் பெயரும் காட்டாது.

வினாக்கள்

1. மொனாஸ்கஸ் சிவப்பு நிறமி உண்டாவதற்கு நைட்ரஜன் சத்து ஏன் வேண்டும்?

2. 200 கிராம் மாவில் 20 கிராம் நீர் உள்ளது. ஈரத்தை நூற்றுக்கு 50 பங்காக்க எவ்வளவு நீர் சேர்க்க வேண்டும்?

3. கெட்டுப்போன தவிட்டைக் கிருமிநீக்கம் செய்து பயன்படுத்தலாமா? காரணம் கூறுக.

4. நற்பூஞ்சணத்தை வளர்த்தபோதும் தீங்கு நேரக்கூடும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குக.