இரண்டாம் வயலினுக்கு என்ன வேலை?

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய இரண்டு நிமிட இசையை ஹெட்ஃபோனிலும் கேட்டேன், ஸ்பீக்கரிலும் கேட்டேன். மெட்டு நன்றாக இருக்கிறது. நடுவில் மைனருக்குப் போய்த் திரும்புகிற இடத்தில் கொஞ்சமும் அவசரம் இல்லை. உன் வயதில் அந்தப் பொறுமை பலருக்கு வாய்க்காது. கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தாய். சேர்த்து வைத்திருக்கும் பணத்துக்கு, பல கருவிகளை ஒன்றாகப் பதிவுசெய்த பெரிய என்செம்பிள் சாம்பிள் லைப்ரரி ஒன்று வாங்குவதா, அல்லது வயலின், வயோலா, செல்லோ என்று பிரித்துப் பதிவுசெய்த செக்‌ஷன் லைப்ரரி வாங்குவதா? இப்போதைக்கு எதையும் வாங்காதே என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளப்போகிறது.

முதலில் என்செம்பிளுக்காகப் பேசிவிடுகிறேன். அதை மட்டம் தட்டிப் பேசுவது இசை புரோகிராமர்களிடையே ஒரு பெருமையாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2008இல் நெதர்லாந்தின் ப்ராஜெக்ட்சாம் நிறுவனம் ‘சிம்ஃபோபியா’வைக் கொண்டுவந்தபோது, பலர் ஒன்றாக உட்கார்ந்து ஒன்றாக வாசித்ததை அப்படியே பதிவுசெய்து ஒரே கீயின் கீழ் வைத்தார்கள். 2011இல் லண்டனிலிருந்து ஸ்பிட்ஃபயரின் ‘ஆல்பியன்’ வந்தது. அது பதிவான ஏர் ஸ்டுடியோவின் லிண்ட்ஹர்ஸ்ட் ஹால் ஒரு காலத்தில் தேவாலயமாக இருந்த கட்டடம். ஒரே கூரையின் கீழ் பலர் வாசிக்கும்போது ஒருவர் காது அடுத்தவரைப் பின்தொடரும். ஸ்ருதியும் வில்லின் அழுத்தமும் சொல்லாமலே இணங்கிவிடும். முதல் வயலினை ஒரு நாளும் செல்லோவை இன்னொரு நாளும் பதிவுசெய்து கணினியில் கூட்டும்போது அந்த இணக்கம் கிடைக்காது. வாசிக்கிற நாம்தான் அதை உண்டாக்க வேண்டும். போதாததற்கு ஒவ்வொரு டிராக்கும் தன் பங்குக்கு அறையின் இரைச்சலையும் கொண்டுவந்து சேர்க்கும். வெள்ளிக்கிழமை படம் ரிலீஸ், செவ்வாய் இரவுதான் கடைசி ரீல் கைக்கு வருகிறது என்கிற நிலையில், நல்ல என்செம்பிள் பேட்ச் ஒன்று (லைப்ரரியிலிருந்து ஏற்றி வாசிக்கும் ஒலி) பத்து டிராக் வேலையை ஒரே டிராக்கில் முடித்துக் கொடுக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

(போகிற போக்கில் ஒன்று. 1980களின் பாப் பாட்டுகளில் ‘டஜ்’ என்று ஓர் ஆர்க்கெஸ்ட்ரா அடி விழுமே, அது ஸ்ட்ராவின்ஸ்கியின் 1910ஆம் ஆண்டு ‘ஃபயர்பேர்ட்’ இசையிலிருந்து ஃபேர்லைட் என்ற சாம்பிளர் கருவிக்காக எடுக்கப்பட்ட துண்டு. 1982இல் ‘பிளானட் ராக்’ பாட்டு அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. ஒரு கீயை அழுத்தினால் மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் வரும் என்ற ஆசைக்கு அவ்வளவு வயதாகிறது.)

ஆனால் என்செம்பிள் பேட்ச்சில் ஓர் ஆர்க்கெஸ்ட்ரேட்டர் உனக்கு முன்பே உட்கார்ந்து வேலையை முடித்துவிட்டார். எந்தச் சுரத்தில் செல்லோ நின்று வயோலா தொடங்க வேண்டும், புல்லாங்குழலோடு கிளாரினெட் சேர வேண்டுமா, சேர்ந்தால் அதே ஸ்தாயியிலா கீழ் ஸ்தாயியிலா என்பதையெல்லாம் அவர் தீர்மானித்துவிட்டார். உன் மெட்டைக் கேட்காமலே தீர்மானித்தார். சில நேரம் அவர் முடிவும் உன் தேவையும் பொருந்திப்போகும். உன் மெட்டின் மூன்றாவது வரியில் பொருந்தவில்லை. அங்கே மெட்டு கீழே இறங்கும்போது வயலினின் நிறம் நடுவழியில் வயோலாவாக மாறுகிறது. நீ அதைக் கேட்டிருக்க மாட்டாய், ஏனென்றால் மாற்றியது நீ இல்லை.

இனி ஆள் கணக்கு. பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ஈஸ்ட்வெஸ்ட் நிறுவனத்தின் ‘ஹாலிவுட் ஸ்ட்ரிங்ஸ்’ 2010இல் வந்தது. அதில் முதல் வயலின் 16 பேர், இரண்டாம் வயலின் 14, வயோலா 10, செல்லோ 10, டபுள் பேஸ் 7. முதல் வயலின் பேட்ச்சில் நான்கு சுரம் கொண்ட கார்டு ஒன்றை அழுத்து. ஒவ்வொரு சுரத்துக்கும் 16 பேர் வந்து நிற்பார்கள். மொத்தம் 64 வயலின். உலகத்தில் எந்த மேடையிலும் 64 பேர் கொண்ட முதல் வயலின் வரிசை கிடையாது. நிஜ ஆர்க்கெஸ்ட்ராவில் அதே கார்டை எழுதினால் அந்த 16 பேர் நான்காகப் பிரிந்து, சுரத்துக்கு நால்வராக வாசிப்பார்கள். இதைத்தான் டிவிஸி என்கிறோம். நால்வர் வாசிக்கும்போது தனித்தனி வில்லின் உரசல் கொஞ்சம் காதில் படும், ஒரு நெருக்கம் இருக்கும். பதினாறு பேரில் அது கரைந்து பட்டு மாதிரி ஆகிவிடும். ஃபேடரை இறக்கினால் ஒலி குறையும், கூட்டம் குறையாது. ஆட்கள் இருமடங்கானால் ஒலி சுமார் 3 டெசிபல்தான் ஏறும் என்பதால் மீட்டரைப் பார்த்தும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. காதுதான் சொல்ல வேண்டும்.

உன் இசையில் நாற்பதாவது நொடியில் தாலாட்டு மாதிரி ஓர் இடம் வருகிறது. வலது கையில் மூன்று சுரம், இடது கையில் இரண்டு, எல்லாமே முழு ஸ்ட்ரிங்ஸ் பேட்ச்சில். ஒரு குழந்தையைத் தூங்கவைக்க இரண்டு பஸ் நிறைய ஆட்களை இறக்கியிருக்கிறாய். அங்கே கேட்பவர் மனம் இளகாமல் போவதற்கு மெட்டு காரணமில்லை.

செக்‌ஷன் லைப்ரரி வாங்கிவிட்டால் இது தானாகச் சரியாகிவிடும் என்று நினைக்காதே. வயலின் பேட்ச்சில் கார்டு அழுத்தினால் அங்கேயும் இதே கதைதான். 2009இல் வந்த ஆடியோப்ரோவின் ‘எல்ஏ ஸ்கோரிங் ஸ்ட்ரிங்ஸ்’ இதற்காகவே ஒவ்வொரு செக்‌ஷனையும் சிறு குழுக்களாகப் பதிவுசெய்து, நீ கார்டு அழுத்தினால் சுரங்களைத் தானே பங்கிட்டுக் கொடுக்கும்படி செய்தது. நல்ல ஏற்பாடு. ஆனாலும் பங்கிடுவதை மென்பொருளிடம் விடாமல் நீயே செய்து பழகு. ஒரு டிராக்கில் ஒரு நேரத்தில் ஒரு சுரம், அதற்கு மேல் வேண்டாம்.

ஹார்னுக்கும் இதே கணக்கு. நால்வர் சேர்ந்து வாசித்த பேட்ச்சில் மூன்று சுரக் கார்டு என்றால் 12 ஹார்ன் ஆகிவிடும். சேர்ந்திசையாக ஒரே மெட்டை முழங்குவதற்கு அந்த பேட்ச் பிரமாதம். கார்டுக்கு மட்டும் தனி ஹார்ன் பேட்ச்சை நான்கு டிராக்கில் போட்டு, மரபுப்படி 1, 3 மேலே, 2, 4 கீழே என்று எழுது. மெலிந்து கேட்கும். முதல் தடவை அது உனக்குப் பிடிக்காது. அப்படியே விட்டுவிட்டு மறுநாள் கேள்.

ஒலியை ஏற்றி இறக்கும் மோட்வீலைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்செம்பிள் பேட்ச்சில் நீ வீலைத் தள்ளினால் எல்லாரும் ஒன்றாக ஏறுவார்கள், இழுத்தால் ஒன்றாக இறங்குவார்கள். வயலின் ஒரு சுரத்தைப் பிடித்து மெல்ல அடங்கும்போது செல்லோ அடியிலிருந்து எழுந்து வருவது என்ற காரியமே அங்கே நடக்காது. ஆர்க்கெஸ்ட்ரா மூச்சுவிடுவது போல் நமக்குக் கேட்பதெல்லாம் இந்த ஏற்ற இறக்கங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருப்பதால்தான். உன் இசையில் எல்லாரும் ஒரே மூச்சில் வாசிக்கிறார்கள்.

எந்தச் சுரத்தை யார் வாசிக்கிறார் என்பதன் வித்தியாசம் தெரிய, சைகோவ்ஸ்கி 1893இல் எழுதிய ஆறாவது சிம்ஃபொனியை எடுத்துக் கடைசிப் பகுதியின் தொடக்கத்தைப் பார். ஸ்கோரை வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். ஐஎம்எஸ்எல்பி தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். காதில் விழுவது இறங்கிவரும் ஒரு சோக மெட்டு. தாளில் அந்த மெட்டைக் காணோம்! ஒரு சுரம் முதல் வயலினிடம் இருக்கிறது, அடுத்தது இரண்டாம் வயலினிடம், மறுபடி முதல் வயலினிடம். இரண்டு வரிசையிலும் யாருமே அந்த மெட்டை வாசிப்பதில்லை. அது கேட்பவர் காதில்தான் சேர்கிறது. அந்தக் காலத்தில் இரண்டு வயலின் வரிசைகளும் மேடையின் இரு பக்கமும் எதிரெதிரே உட்காரும் வழக்கம் இருந்தது, ஆகவே மெட்டு அரங்கின் குறுக்கே தள்ளாடி நடந்திருக்கும். அதே மெட்டு பின்னால் திரும்பி வரும்போது முழுதாக முதல் வயலினுக்கே கொடுக்கிறார். சுரங்கள் அவையே, வாசிக்கும் ஆள் மட்டும் வேறு. என்செம்பிள் பேட்ச்சில் இந்த இரண்டு இடங்களும் ஒன்று போலவே கேட்கும். இரண்டாம் வயலின் என்று தனியாக ஒரு வரிசை எதற்கு என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இந்தப் பக்கத்தைத்தான்.

லெகாட்டோவும் செக்‌ஷன் லைப்ரரிகளின் பக்கம்தான் சாய்கிறது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கும் அந்தக் கணத்தைப் பதிவுசெய்ய, ஒவ்வொரு சுரத்திலிருந்தும் ஓர் ஆக்டேவுக்குள் மேலே 12, கீழே 12 தாவல்களை வாசிக்கவைக்க வேண்டும். அதுவும் மென்மையாக ஒரு முறை, பலமாக ஒரு முறை. கலவையான கூட்டத்தை வைத்து இவ்வளவையும் எடுப்பது கஷ்டம் என்பதால் பல என்செம்பிள் பேட்ச்களில் உண்மையான லெகாட்டோ இருக்காது. செக்‌ஷன் லைப்ரரிகளில் இருக்கும், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ‘சினிமாட்டிக் ஸ்டுடியோ ஸ்ட்ரிங்ஸ்’ போன்றவற்றில் மெதுவான தாவல் முடிந்து புதுச் சுரம் வந்து சேர ஏறத்தாழ மூன்றில் ஒரு நொடி ஆகும். நீ கிளிக்கோடு சரியாக வாசித்தாலும் வயலின் பின்தங்கும். சுரங்களை முன்னால் இழுத்துவை. லைப்ரரி சரியில்லை என்று பலர் புலம்புவது பெரும்பாலும் இதைச் செய்யாததால்தான்.

இவ்வளவு சொன்ன பிறகு எதிர்ப்பக்கத்திலும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. செக்‌ஷன் லைப்ரரி வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் கீபோர்டில் வாசித்த கார்டை அப்படியே ஐந்து டிராக்கில் நறுக்கிப் போடுகிறார்கள். மேல் சுரம் முதல் வயலின், அடுத்தது இரண்டாம் வயலின் என்று. கை ஒரு கார்டிலிருந்து அடுத்த கார்டுக்கு நகரும்போது ஐந்து சுரமும் கூட்டமாக நகரும். வயோலாவுக்கு என்று ஒரு வழி அமையாது. இப்படிச் செய்வதானால் என்செம்பிளே மேல். அதிலாவது அறையின் இணக்கம் இருக்கும்.

நறுக்காமல் எழுதுவதற்கு நான் அறிந்த ஒரே வழி நான்கு குரலில் யோசிப்பது. பாக்கின் கோரல்கள் 371 ஒரே தொகுப்பாகக் கிடைக்கின்றன. வாரத்துக்கு ஒன்று எடுத்து நான்கு டிராக்கில் ஏற்று. ஒரு நாள் ஸ்ட்ரிங்ஸ், ஒரு நாள் மரக்காற்றுக் கருவிகள், ஒரு நாள் பிராஸ். பிறகு மேல் வரியையும் பேஸையும் ம்யூட் செய்துவிட்டு நடு வரிகளை மட்டும் கேள். அவற்றை முணுமுணுக்க முடிகிறதா பார். பாக்கில் முடியும். பிறகு உன்னுடையதை அதே மாதிரி கேள். நம் ஊரிலேயே உதாரணம் வேண்டுமென்றால் 1986இல் வந்த இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்’டைப் போடு, வி.எஸ். நரசிம்மனின் தனி வயலினை விட்டுவிட்டு நடுவிலும் அடியிலும் ஓடுகிற வரிகளைப் பின்தொடர். தாளில் ஒவ்வொரு வரிசைக்கும் தனி வரி எழுதிப் பழகியவர் இளையராஜா. அந்தப் பழக்கம் காதில் விழும்.

இந்தப் பயிற்சிக்குப் பணம் தேவையில்லை. பிபிசி சிம்ஃபொனி ஆர்க்கெஸ்ட்ராவை மைடா வேல் ஸ்டுடியோவில் பதிவுசெய்து ஸ்பிட்ஃபயர் 2019இல் வெளியிட்ட லைப்ரரியின் ‘டிஸ்கவர்’ பதிப்பு இலவசமாகக் கிடைக்கிறது. நுணுக்கம் குறைவுதான், ஆனால் முதல் வயலின், இரண்டாம் வயலின், வயோலா என்று வரிசைகள் தனித்தனியே இருக்கின்றன. உன் பழைய லேப்டாப் தாங்கும். பின்னாளில் இரண்டாம் வயலின் இல்லாத லைப்ரரி ஏதாவது கையில் சிக்கினால், முதல் வயலினையே இன்னொரு டிராக்கில் போட்டு, ஒரு முழுச்சுரம் மேலே எழுதி, ட்யூனிங்கை அதே அளவு இறக்கிவிடு. பக்கத்துச் சுரத்தின் பதிவு ஒலிக்கும் என்பதால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழாது.

வரி வரியாக எழுதிப் பழகச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. என்றாவது உன் இசையை லைவ் ஸ்ட்ரிங்ஸாகப் பதிவுசெய்ய ஒரு தயாரிப்பாளர் சம்மதிப்பார். சென்னையிலோ புடாபெஸ்டிலோ வாசிப்பவர்கள் காத்திருப்பார்கள். அன்றைக்கு அவர்கள் ஸ்டாண்டில் பேட்ச்சை வைக்க முடியாது. வயோலாக்காரருக்கு வயோலா பார்ட் வேண்டும். என்செம்பிளில் மட்டுமே எழுதியவர் அன்று இன்னொருவரைக் கூப்பிட்டுத் தன் இசையைப் பிரித்துத் தரச் சொல்கிறார். அந்த வேலையைச் செய்து கொடுப்பவன் நான். பிரிக்கும்போது நடு வரிகள் பாதிக்கு மேல் நான் எழுதியவையாகிவிடும். இயக்குநர் கைதட்டுவது என்னவோ இசையமைப்பாளருக்குத்தான். எனக்கு அதில் வருத்தமில்லை, சம்பளம் வருகிறது. உனக்கு வருத்தம் வர வேண்டும்.

ஆகவே இப்படிச் செய். யோசிக்கும்போது, மெட்டைத் துரத்தும்போது, என்செம்பிள் பேட்ச்சில் தாராளமாக வாசி. மெட்டு முடிவானதும் அந்த டிராக்கை ம்யூட் செய்துவிட்டு, ஒவ்வொரு சுரத்துக்கும் ஆள் குறித்து, வரி வரியாக முதலிலிருந்து எழுது. எல்லாம் முடிந்தபின் பின்னணியில் கொஞ்சம் என்செம்பிளைக் கலந்தால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆறு மாதம் கழித்து உனக்கு எது குறைகிறது என்று உனக்கே தெரியும். குறைவது லெகாட்டோவா, சிறு குழு டிவிஸியா, தனி ஹார்னா என்று பார்த்து அன்றைக்கு அதை மட்டும் வாங்கு.

நாற்பதாவது நொடித் தாலாட்டை முதலில் எடுத்துத் திருத்து. அடுத்த முறை மிக்ஸை அனுப்பாதே. இரண்டாம் வயலினையும் வயோலாவையும் மட்டும் தனியாக எடுத்து அனுப்பு, கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்