பச்சைக் குளமும் பக்கத்து வீட்டு யோசனைகளும்

கார்த்திகை மழை விட்ட பிறகு முட்டுக்காட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டு மாதமாகப் பூட்டிக் கிடந்த வீடு. பின்பக்க நீச்சல் குளத்தில் முருங்கைக்கீரையை அரைத்துக் கரைத்துவிட்டது போல் தண்ணீர் நின்றது. முதல் படி தெரிந்தது; இரண்டாவது படி தெரியவில்லை. "பொங்கலுக்குப் பிள்ளைங்க எல்லாம் வருதுங்க, எப்படியாவது சரி பண்ணிக் கொடுடா" என்றாள் அக்கா.

அடுத்த மூன்று வாரத்தில் எனக்கு யோசனை சொல்லாதவர்கள் இல்லை. வாட்ச்மேன் அண்ணன், பக்கத்து வீட்டுப் பெரியவர், கெமிக்கல் கடைக்காரர், டேங்கர் டிரைவர் என்று எல்லோருமே நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் அவற்றில் பாதிக்கு மேல் தவறு. இரண்டொன்று உயிருக்கே ஆபத்து. வீட்டில் குளம் வைத்திருக்கிறவர்கள் இன்னும் அவற்றைத்தான் நம்பிச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

"தண்ணியை மொத்தமா இறைச்சுட்டுப் புதுசா நிரப்பிடுங்க சார்"

முதலில் காதில் விழுந்ததும் இதுதான், அதிகமாகக் கேட்டதும் இதுதான். கடற்கரை ஓர வீடுகளில் இதை ஒருபோதும் செய்யக் கூடாது. மழைக்குப் பிறகு அங்கே மணலில் நாலடி தோண்டினாலே தண்ணீர் ஊறும். குளத்தைச் சுற்றியுள்ள அந்த ஊற்றுநீர் தொட்டியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. உள்ளே நிற்கும் தண்ணீரின் எடைதான் தொட்டியைக் கீழே பிடித்து வைத்திருக்கிறது. ஒரு காலி வாளியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் நேராக அமுக்கிப் பாருங்கள். கையை எடுத்ததும் மேலே எழும்பும். வெறும் குளத்துக்கும் அதே கதிதான். தரை விரிசல் விடும், குழாய்கள் முறியும், சில இடங்களில் தொட்டியே ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். பிறகு செலவு லட்சங்களில் போகும்.

தண்ணீர்க் கணக்கும் இருக்கிறது. அக்கா வீட்டுக் குளம் நீளம் 26 அடி, அகலம் 13 அடி, ஆழம் சராசரி 4 அடி. பெருக்கினால் 1,352 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்றால் 38,000 லிட்டர் சொச்சம். 12,000 லிட்டர் டேங்கர் மூன்று வந்தாலும் நிரம்பாது. 2019 கோடையில் ஒரு குடம் தண்ணீருக்குச் சென்னை ராத்திரியெல்லாம் லாரிக்குக் காத்திருந்ததைப் பார்த்தவர்கள் நாம். சரி செய்யக்கூடிய தண்ணீரைச் சாக்கடையில் விட எனக்கு மனம் வரவில்லை. பாசி பிடித்த தண்ணீர் செத்துப்போன தண்ணீர் அல்ல. நோயாளியை மாற்றாமல் வைத்தியம் பார்ப்பது போல, அதே தண்ணீரைத் திருப்பி எடுக்க முடியும்.

"ப்ளீச்சிங் பவுடரை நாலு கை அள்ளிப் போட்டா தெளிஞ்சிடும்"

பவுடர் சரிதான். தவறு அந்த 'நாலு கை'யில் இருக்கிறது.

குளோரின் அளவைப் பிபிஎம் என்று சொல்வார்கள். பத்து லட்சம் பங்கு தண்ணீரில் ஒரு பங்கு. ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிராம் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். அப்படியானால் 38,000 லிட்டரில் ஒரு பிபிஎம் ஏற்ற 38 கிராம் சுத்தக் குளோரின் வேண்டும். கடையில் கிடைக்கும் நல்ல ப்ளீச்சிங் பவுடரில் குளோரின் சுமார் 30 சதவீதம்தான். ஆக 125 கிராம் பவுடர் போட்டால் ஒரு பிபிஎம் ஏறும். மூட்டை ஈரம் பட்டு, பிரிந்து கிடந்திருந்தால் அந்தச் சதவீதமும் இருக்காது. தினசரிக் குளியலுக்கு 1 முதல் 3 பிபிஎம் வரை நின்றால் நல்லது. பச்சைக் குளத்தின் பாசியைக் கொல்ல 10 பிபிஎம் அளவுக்கு ஏற்ற வேண்டியிருக்கும்; எங்கள் குளத்துக்கு ஒரு வேளைக்கு ஒன்றேகால் கிலோ.

இதை நண்பகலில் போட்டால் வீண். வெறும் குளோரினை வெயில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் தின்றுவிடும். அதனால் பொழுது சாய்ந்த பிறகுதான் போட வேண்டும். அதற்கும் முன்னால் பிஹெச் அளவைப் பார்க்க வேண்டும். புதிதாக இறங்குகிறவர்கள் எல்லோரும் கோட்டைவிடும் இடம் இதுதான். தண்ணீரில் குளோரின் இரண்டு வடிவத்தில் இருக்கிறது. ஒன்று கிருமியைச் சட்டென்று கொல்லும், இன்னொன்று சோம்பேறி. பிஹெச் 7.2-இல் மூன்றில் இரண்டு பங்கு வேலை செய்கிற வடிவத்தில் இருக்கும், 7.5-இல் பாதி, 8-ஐத் தொட்டால் ஏறத்தாழ கால் பங்குதான். ப்ளீச்சிங் பவுடரே பிஹெச்சை ஏற்றும் சரக்கு. ஆகவே அளக்காமல் அள்ளி அள்ளிப் போடுகிறவர் தான் போட்டதைத் தானே முடக்கிக்கொண்டிருக்கிறார்.

அளப்பதற்கு உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி போதும். இரண்டு சின்னக் கண்ணாடிக் குழாய், இரண்டு சொட்டு மருந்துப் புட்டி. முழங்கை ஆழத்தில் தண்ணீர் மொண்டு, ஒன்றில் ஐந்து சொட்டு விட்டுக் குலுக்கினால் குளோரினுக்கு ஏற்ப மஞ்சள் ஏறும். இன்னொன்றில் பிஹெச்சுக்கு ஏற்ப மஞ்சளிலிருந்து ரோஜா நிறம் வரை மாறும். பக்கத்தில் அச்சடித்த வண்ணக் கட்டங்களோடு ஒப்பிட வேண்டும். முதல் நாள் எங்கள் குளோரின் குழாய் பச்சைத் தண்ணீராகவே நின்றது, மஞ்சளின் சாயலே இல்லை. பிஹெச் குழாய் கடைசிக் கட்டத்தையும் தாண்டிச் சிவந்தது. போட்ட பவுடரெல்லாம் ஏன் போன இடம் தெரியவில்லை என்று வாட்ச்மேன் அண்ணன் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அந்த இரண்டு குழாயிலும் பதில் இருந்தது.

பிறகு செய்தது இவ்வளவுதான். வலை போட்டு இலை, சருகு, செத்த தவளை எல்லாம் வாரினோம். சுவரையும் படியையும் பிரஷ்ஷால் தேய்த்தோம். பாசி மேலே ஒரு வழவழப்பைப் போர்த்திக்கொண்டு இருப்பதால், தேய்க்காத பாசிக்குள் குளோரின் நுழையாது. மோட்டாரை ஓடவிட்டு, ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, அளந்து அளந்து பிஹெச்சை 7.2-க்கு இறக்கினோம். சாயங்காலம் பவுடரை வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் குளத்தைச் சுற்றி ஊற்றினோம். ஃபில்டரை நிறுத்தவே இல்லை. மறுநாள் பச்சை போய்ச் சாம்பல் கலந்த பால் நிறம் வந்தது. கெட்டுப்போச்சு என்று அக்கா பயந்தாள். அது செத்த பாசியின் நிறம். ஒவ்வொரு மாலையும் குறைந்ததை அளந்து போட்டோம். எட்டாம் நாள் காலை குளத்தின் அடியில் இருக்கும் மெயின் டிரெயின் மூடியின் நாலு திருகாணியும் மேலிருந்தே தெரிந்தன.

பாசி முழுக்கச் செத்ததா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. இருட்டிய பிறகு குளோரினை அளந்து எழுதுங்கள், வெயில் வருவதற்கு முன் மறுபடி அளந்து பாருங்கள். ராத்திரியில் ஒரு பிபிஎம்முக்கு மேல் குறைந்திருந்தால் உள்ளே ஏதோ இன்னும் அதைத் தின்கிறது.

"குளோரின் நெடி அடிச்சா குளம் சுத்தம்னு அர்த்தம்"

நேர்மாறு. சரியாகப் பராமரிக்கும் குளத்தில் நெடி அவ்வளவாக இருக்காது. வியர்வை, சிறுநீர், உடம்பு எண்ணெய் ஆகியவற்றோடு குளோரின் சேர்ந்து குளோரமின் என்ற பொருளாகிறது. மூக்கைத் துளைப்பதும் கண்ணைச் சிவக்க வைப்பதும் அதுதான். நெடி அடித்தால் குளோரின் அதிகம் என்று நிறுத்தாதீர்கள். அழுக்குக்கு ஈடு கொடுக்கப் போதாமல் இருக்கிறது என்று பொருள். இறங்குவதற்கு முன் ஒரு நிமிடம் ஷவரில் நிற்க வைப்பதும், சின்னப் பிள்ளைகளை மணிக்கு ஒருமுறை பாத்ரூமுக்கு அனுப்புவதும் மருந்துச் செலவைக் கண்கூடாகக் குறைக்கும். சிறுநீர் கழித்தால் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும் மருந்து போட்டிருக்கிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்வது வெறும் மிரட்டல். அப்படி ஒரு மருந்து கிடையாது.

"படிகாரம் போட்டாச்சு, கண்ணாடி மாதிரி இருக்கு, இறங்கலாம்"

நம் ஊரில் கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்கத் தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறம் உரசுவார்கள். படிகாரமும் அதே வேலையைச் செய்கிறது. மிதக்கும் தூசியை ஒன்று சேர்த்து அடியில் உட்கார வைக்கும். அதை வேக்வம் வைத்து உறிஞ்சி, ஃபில்டருக்குள் விடாமல் நேரே வெளியேற்றிவிட வேண்டும். நல்ல உத்திதான், நானும் செய்தேன். ஆனால் தெளிந்த தண்ணீரில் கிருமி இருக்காது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

2024-இல் கேரளத்தில் மூளையைத் தின்னும் அமீபா குழந்தைகளின் உயிரைப் பறித்த செய்தி நினைவிருக்கும். வெதுவெதுப்பான நன்னீரில் வளரும் உயிரி அது. தண்ணீரைக் குடித்தால் ஒன்றும் செய்யாது; மூக்கு வழியாக ஏறினால் மூளைக்குப் போகும். வருடத்தில் பாதி நாள் வெயில் காயும் நம் ஊரில் வீட்டுக் குளத்துத் தண்ணீர் அதற்கு ஏற்ற சூட்டில்தான் இருக்கிறது. முறையாகக் குளோரின் நிற்கும் குளத்தில் அது பிழைக்காது. பார்வைக்குத் தெளிவாக இருந்து குளோரின் பூஜ்யமாக இருக்கும் குளத்தில் என் மருமக்களை நான் இறக்க மாட்டேன்.

குளோரினும் எல்லாவற்றையும் உடனே கொல்லாது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி ஒரு பிபிஎம் குளோரினில் ஒரு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும். ஆகவே வயிற்றுப்போக்கு இருக்கும் பிள்ளை எவ்வளவு அழுதாலும் குளத்தில் விடக் கூடாது.

கலங்கலாக இருந்தால் மட்டும் இறங்கலாமா என்றால் அதுவும் கூடாது. அடியில் ஒரு குழந்தை கிடந்தால் மேலே இருப்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மெயின் டிரெயின் மூடி தெரியாத குளத்தில் யாரும் குளிக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

"மாத்திரையை மிதக்க விட்டுட்டா வருஷம் பூரா கவலையில்லை"

மிதவை டப்பாவில் போடும் வெள்ளை மாத்திரை டிரைகுளோர். வெயிலிலிருந்து குளோரினைக் காப்பாற்றும் சயனூரிக் அமிலமும் அதிலேயே இருப்பதால் வசதி. குளோரின் செலவாகிவிடும், அமிலமோ தண்ணீரிலேயே தங்கிவிடும். மாத்திரை வழியாக 10 பிபிஎம் குளோரின் ஏறினால் கூடவே 6 பிபிஎம் அமிலம் ஏறுகிறது. நாளைக்கு 2 பிபிஎம் செலவு என்று வைத்தால் இரண்டு மாதத்தில் 70-ஐத் தாண்டிவிடும். 30 முதல் 50 வரை போதுமானது. அதற்கு மேல் போகப் போகக் குளோரினின் கை கட்டப்படும். சோதனையில் அளவு சரியாகக் காட்டும், குளமோ பச்சையாகும். இந்த அமிலத்தைக் குறைக்க நடைமுறையில் ஒரே வழி, ஒரு பங்கு தண்ணீரை வெளியேற்றிப் புதிது விடுவதுதான். கோடையில், நிலத்தடி நீர் இறங்கியிருக்கும்போது, கால் குளம் அளவுக்குச் செய்யலாம். ஊருக்குப் போகும் வாரத்தில் மாத்திரை, மற்ற நாளில் பவுடரோ திரவக் குளோரினோ என்று மாற்றி மாற்றிப் போடுகிறோம் நாங்கள்.

மயில்துத்தமும் உப்பும்

மயில்துத்தம் பாசியைக் கொல்லும், கிருமிக்கு நம்ப முடியாது. அளவு மிஞ்சினால் அதன் தாமிரம் சுவரில் கறையாகப் படியும். நரைமுடி பச்சையடிப்பதற்கும் காரணம் தாமிரம்தான், பழி மட்டும் குளோரினுக்கு.

உப்புக் குளத்தில் குளோரின் இல்லை என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். கடல் நீரில் பத்தில் ஒரு பங்கு உப்பைக் கரைத்து, மின்சாரம் பாய்ச்சி, அந்த உப்பிலிருந்தே குளோரின் எடுக்கும் கருவி அது. அதிலும் பிஹெச் ஏறும், அதையும் அளக்க வேண்டும்.

"மோட்டார் ரெண்டு மணி நேரம் ஓடினா போதும், தினம் பேக்வாஷ் பண்ணுங்க"

இரண்டு பாதியும் தவறு. குளத்துத் தண்ணீர் முழுவதும் நாளுக்கு ஒரு முறையாவது ஃபில்டருக்குள் போய் வர வேண்டும். எங்கள் பம்ப் மணிக்கு 8,000 லிட்டர் தள்ளும். 38,000-க்கு ஐந்து மணி நேரம். மணல் ஃபில்டர் கொஞ்சம் அழுக்கேறினால்தான் நுண்ணிய தூசியைப் பிடிக்கும். தினமும் தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவி பேக்வாஷ் செய்தால் அந்தத் திறமும் போய்விடும், நூற்றுக்கணக்கான லிட்டர் தண்ணீரும் போய்விடும். கழுவியவுடன் பிரஷர் கேஜ் எங்கே நின்றது என்று குறித்துக்கொண்டு, அதிலிருந்து 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறிய பிறகு செய்தால் போதும்.

"எல்லாம் குளோரின்தானே, ஒண்ணாக் கலந்து ஊத்துங்க"

இதைக் கெமிக்கல் கடையிலேயே சொன்னார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். டிரைகுளோர் மாத்திரைத் தூளும் ப்ளீச்சிங் பவுடரும் ஈரத்தில் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டுக்கும் ஒரே கரண்டி, ஒரே வாளி வைத்திருப்பதே தவறு. ஆசிட்டும் ப்ளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைத் தாக்கும். ஒன்றை ஊற்றி, மோட்டார் ஓடித் தண்ணீர் நன்றாகக் கலந்த பிறகுதான் அடுத்தது. வாளியில் முதலில் தண்ணீர், அதன் மேல்தான் மருந்து. மருந்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூடிய மோட்டார் ரூமுக்குள் இவற்றை வைக்காதீர்கள். அக்கா வீட்டில் பவுடர் மாடிப்படிக்குக் கீழே மர அலமாரியில் பூட்டோடும், ஆசிட் வெளியே தோட்டத்துப் பக்கச் சிமென்ட் தொட்டியிலும் இருக்கின்றன. நடுவில் வீடே இருக்கிறது.

"யாரும் குளிக்காத மாசத்துல எதுக்குச் செலவு?"

அப்படி விட்ட இரண்டு மாதம்தான் எங்களைப் பச்சையில் கொண்டுபோய் நிறுத்தியது. மழை நீர் குளோரினை நீர்த்துப்போகச் செய்யும், காற்றோடு பாசி விதை வந்து விழும். தேங்கிய தண்ணீரில் கொசு முட்டையிடும். தார்ப்பாய் போட்டு மூடினாலும் அதன் பள்ளத்தில் நிற்கும் மழைத் தண்ணீர் டெங்குக் கொசுவுக்குப் போதும். தளர்ந்த தார்ப்பாய் மேல் ஒரு குழந்தை கால் வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்ததும் அதைக் கழற்றிவிட்டோம். இப்போது நாலு பக்கமும் வேலி, தானாக மூடிக்கொள்ளும் கதவு. வாட்ச்மேன் அண்ணனிடம் சொட்டு மருந்துப் பெட்டி இருக்கிறது. ஆள் இல்லாத மாதங்களிலும் மோட்டாரை ஐந்து மணி நேரம் ஓட்டி, ஒருநாள் விட்டு ஒருநாள் அளந்து, இரண்டு எண்ணையும் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி போட்டோ அனுப்புகிறார். இந்த ஐப்பசி அடைமழையில் ஒருநாள் குளோரின் 0.5-க்கு இறங்கியது. அன்று சாயங்காலமே 250 கிராம் கரைத்து ஊற்றிவிட்டுத்தான் போன் செய்தார்.