மூலிகைத் தீவனமும் கறியின் தரமும்: ஓர் இளம் கால்நடை மருத்துவருக்கு

அன்புள்ள தம்பிக்கு,

பல்லடம் பக்கம் தீவன மில்லில் சேர்ந்ததையும், கறிக்கோழித் தீவனத்தில் ஆன்டிபயாடிக்கை விட்டு மஞ்சள், முருங்கையிலை, ஓம எண்ணெய் என்று மாற விரும்புவதையும் எழுதியிருந்தாய். மிகவும் மகிழ்ந்தேன். வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-லேயே நிறுத்திவிட்டது. மனிதர்களுக்குக் கடைசிக் கையிருப்பான கோலிஸ்டினை, கால்நடைகளுக்குக் கொடுக்கக் கூடாதென்று 2019-ல் நம் அரசும் தடை செய்தது. நீ போகும் வழி சரியானது.

ஆனால் "கறியின் தரம் கூடும்" என்று சொல்லுமுன், எந்தத் தரம், யாருக்கு என்று கேட்டுக்கொள். கோழிக் கொழுப்பு ஆட்டுக் கொழுப்பைவிடச் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். இந்த மூலிகைகள் அதைத் தள்ளிப்போடக்கூடியவை. குளிரில் நாள்கணக்கில் வைத்து விற்கும் கறிக்கு அது பெரிய லாபம். நம் ஊரிலோ காலையில் உரித்த கோழி மதியம் குழம்பாகிவிடுகிறது. வாங்கும் அம்மா பார்ப்பது, கறி தண்ணீர் விடுகிறதா என்பதைத்தான். அதில் கோழியின் கடைசி நாளுக்குப் பெரும் பங்குண்டு. வெயிலில் பிடித்து, கூண்டில் திணித்து, மூச்சிரைக்க வந்திறங்கிய கோழியை அறுத்தால், உடல் சூடு தணியுமுன் தசையில் அமிலம் ஏறிவிடும். நெஞ்சுக்கறி வெளிறி நீர் விடும். எந்தப் பொடியும் அதைச் சரிக்கட்டாது.

பொடியையும் சோதித்து வாங்கு. டன்னுக்கு 5 கிலோ மஞ்சள் போட்டால், குர்குமின் 3 சதவீதமுள்ள சரக்கில் 150 கிராம் கிடைக்கும். 1 சதவீதச் சரக்கில் 50 கிராம்தான். நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலந்த மஞ்சளும் சந்தையில் உண்டு. பெல்லட் போடும்போது 80 டிகிரி நீராவியில் ஓம எண்ணெயின் வாசனையோடு பலனும் கொஞ்சம் பறந்துபோகும்; மேலுறையிட்டதாகக் கேள்.

ஒரே பேட்ச் குஞ்சுகளை ஒரே ஷெட்டில் தடுப்புகள் கட்டிப் பிரி. மாற்றி மாற்றிப் பாதித் தடுப்புகளுக்குப் பொடி, மீதிக்கு வெறும் தீவனம். அறுத்தபின் நெஞ்சுக்கறித் துண்டை எடை போடு. நூலில் கட்டி, ஊதிய பாலித்தீன் பைக்குள் சுவரில் படாமல் தொங்கவிட்டு, 4 டிகிரி குளிரில் 24 மணி நேரம் வை. ஒற்றியெடுத்து மறுபடி எடை போடு. குறைந்த எடைதான் கறி விட்ட நீர். சிக்கு வாடையை அறிய, இன்னும் சில துண்டுகளைக் குளிரில் ஒரு வாரம் வைத்து, எது எந்தப் பக்கத்துக் கறி என்று சொல்லாமல் சமைத்துக் கொடு. பண்ணைத் தராசு மட்டும் போதாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஒப்பந்த வளர்ப்பில் குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையவை. பண்ணைக்காரருக்கு வளர்ப்புக் கூலிதான். முருங்கையிலை கூடிப்போய் நார் ஏறினால் எஃப்.சி.ஆர் (ஒரு கிலோ எடை ஏறத் தின்னும் தீவனம்) கெடும், அவர் கூலி குறையும். தீவனத்தில் நீ என்ன போட்டாய் என்பதுகூட அவருக்குத் தெரியாது. ஆகவே சோதனை பேட்சுக்குக் கூலி பிடிக்க மாட்டோம் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கி, அவர் கையில் கொடுத்துவிட்டுக் குஞ்சு இறக்கு.

அன்புடன்,
உன் அண்ணன்