இடைக்கோட்டின் இலக்கணம்

அமெரிக்க நாட்டுக் கல்லூரிப் பிரவேசப் பரீட்சைகளுள் 1926இல் தோன்றிய எஸ்.ஏ.டி.யும் 1959இல் தோன்றிய ஏ.சி.டி.யும் பெயர்பெற்றவை. ஆங்கில வாக்கியத்தில் ‘டாஷ்’ எனப்படும் இடைக்கோட்டை இடுமிடம் மாணாக்கர் அறிவரோ என்று இரண்டும் சோதிக்கின்றன. இதற்குரிய தலையாய விதிகள் இரண்டே. அவற்றைத் தமிழ் வாக்கியங்களால் விளக்குவோம்.

முதலாவது, இரட்டைக்கோடு. “லிங்கன் — முன்னர் வழக்கறிஞராயிருந்தவர் — 1861இல் நாட்டுத் தலைவரானார்.” இடையில் நின்ற சொற்களை நீக்கினும் வாக்கியம் குறைவுபடாமை காண்க. இவ்வாறு கோட்டால் திறந்ததைக் கோட்டாலேயே மூடுதல் வேண்டும். ஒருபுறம் கோடும் மறுபுறம் காற்புள்ளியும் இடுதல் பிழை. இடைப்பட்ட தொடர் நீளுந்தோறும் தொடக்கக் குறி நினைவினின்றும் நழுவுமாதலின், இவ்விடத்தே இடறுதல் எளிது.

இரண்டாவது, ஒற்றைக்கோடு. “அவர் பிறந்த வீடு மிகச் சிறியது — ஓரறை மரக்குடில்.” கோட்டின் முன் நிற்பது முற்றுப்பெற்ற வாக்கியமாதல் வேண்டும், பின் வருவது அதனை விளக்கும். “அவர் பிறந்த வீடு — ஓரறை மரக்குடில்” என எழுதின் முன்னது முற்றுப்பெறாமையின் விதி பிழைக்கும்.

ஆதலின் விடையைத் தெரியுமுன், இரட்டைக்கோடாயின் இடைப்பட்டதையும், ஒற்றைக்கோடாயின் பின்வருவதையும் மறைத்து, எஞ்சியதை வாசிப்போமாக. அது தானே நிற்குமாயின் கோடு தன் இடத்தில் உள்ளது. நில்லாதாயின் வேறு விடையை நாடுவோமாக.